தவளையின் இரைப்பை

புதுத் தவளையை அறுக்கக் கூடாது என்பதால், ஜாடியில் பதினைந்து வருஷமாக ஊறிக்கிடந்ததைத்தான் தெரசா டீச்சர் எடுத்தார். ஃபார்மலின் நாற்றம் லேப் முழுக்கப் பரவியது. மெழுகுத் தட்டில் மல்லாத்திக் குண்டூசி குத்தி, இரைப்பையைக் கீறினார். உள்ளே இருப்பதை மாணவிகள் ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும்.

"டீச்சர், புளிச்சோறு கெடக்கு டீச்சர்," என்றாள் இந்துப்ரியா. "கடலையும் இருக்கு."

காலையில் திருநகர் பஸ்ஸில் டீச்சர் அவசரமாக அள்ளிப்போட்டுக்கொண்ட அதே புளிச்சோறு. பாதி கடித்த மிளகாய் வற்றலில் அவருடைய முன்பல் சந்தின் தடம் அப்படியே இருந்தது. சோறு இன்னும் ஆறவில்லை.

"பாத்தத எழுதுங்கம்மா, இந்தா வாரேன்," என்று சொல்லிவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினார்.

வாந்தியில் சோற்றுப் பருக்கை ஒன்றுகூட இல்லை. கொழகொழவென்று பூச்சி இறக்கைகளும் ஒரு வெட்டுக்கிளிக் காலும் கிடந்தன. கால் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது.