நடுவில் விட்ட இடம்

அன்று அந்தக் கணினிக் கோப்பில் இருந்தவை எட்டுப் பெயர்கள். முதல் வரியில் இருளப்பன், சீனியம்மாள், அவர்கள் மகன் துரை. இரண்டாம் வரியில் கருத்தப்பாண்டி, அவர் மகள் பேச்சி. மூன்றாம் வரியில் சோலையன், மூக்காயி, அவர்கள் மகள் ராக்கு. வரிக்கு ஒரு வீடு. இரண்டாம் வரியின் நடுவில் மட்டும் ஒரு பெயர் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. பேச்சியின் அம்மா இறந்ததும் அவள் பெயரை அழித்த இடம் அது.

குறுக்கே இருப்பதை நெடுக்காக மாற்றி அடுக்க ஒரு சின்ன நிரல், அதாவது கணினி புரோகிராம், வந்தது. இனி அப்பாக்கள் ஒரு வரி, அம்மாக்கள் ஒரு வரி, பிள்ளைகள் ஒரு வரி.

"ஐயா, நடுவுல ஒரு இடம் விட்டிருக்கோம், பாத்துப் போங்க" என்றார் கருத்தப்பாண்டி.

"நான் பேரைத்தான் எண்ணுவேன். வெறும் இடத்தை எண்ணிப் பழக்கமில்லை" என்றது நிரல். அவர் வரியில் இரண்டாவது பெயர் பேச்சி. அதனால் அவளைப் புதிய அடுக்கின் இரண்டாம் வரியில், அம்மாக்கள் வரியில், கொண்டுபோய் வைத்தது.

சீனியம்மாள் சிரித்தாள். "ஏண்டி, இன்னும் பால்பல்லே விழலை. அதுக்குள்ள எங்க கூட வந்து நிக்கிறே?"

"என்னைய இங்கதான் வெச்சாங்க, அத்தை."

கீழ் வரியிலிருந்து துரை கூப்பிட்டான். "பேச்சி, விளையாட வரலியா?"

பேச்சி மேல் வரியில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். "அப்பா சாப்பிடட்டும். அப்புறம் வர்றேன்" என்றாள்.

சீனியம்மாளுக்கு அதன்பின் சிரிப்பு வரவில்லை. மூக்காயி சற்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

நிரல் கடைசியாக எண்ணிச் சரிபார்த்தது. அப்பாக்கள் மூன்று. அம்மாக்கள் மூன்று. பிள்ளைகள் இரண்டு.