டேப்பு படாத வீடு

"சத்தியமா எனக்குச் சரியா ஞாபகம் இல்ல சார். முப்பது அடியோ, முப்பத்தஞ்சோ... தப்பாச் சொல்லிறக் கூடாது பாருங்க."

தர்மா சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தார்.

எதிரே இருந்த அதிகாரி பேனாவை மூடினார். இடிந்த தோட்டத்து வீடுகளுக்குப் பதில் வீடு ஒதுக்கும் அலுவலகம் அது, ஈப்போவில்.

"அண்ணே, தோட்டத்துப் பழைய பிளான்ல உங்க வீடு ஒரே அறை. அப்போ அதுக்குப் பதிலாக் கிடைக்கிறதும் ஒரே அறைதான். பக்கவாட்டுல ரெண்டு ரூம் சேத்துக் கட்டுனேன்னு சொல்றீங்க. அந்த நீளத்துக்கு ஒரு அளவு வேணும்."

"போன்ல படம் இருக்கு சார்."

"படத்துல வீடு தெரியுது, அளவு தெரியலையே. போய் அளக்கலாம்னாலும் அங்க இப்ப வெறும் தரைதானே?"

தரைதான். ரப்பர்த் தோட்டம் கைமாறி, பதினான்கு பலகை வீடுகளையும் புல்டோசர் தள்ளி, மண் நிரவி இரண்டு மாதமாகிறது. அந்த இரண்டு அறைகளின் ஒவ்வொரு பலகையும் தர்மாவே அறுத்தது. லோரி ஓட்டிய நாள்கள் போக, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கட்டியதில் நாலு வருஷம் ஓடிவிட்டது. கட்டியவன் எங்கே அளவை எழுதி வைத்தான்? இனி, படுத்த படுக்கையாக இருக்கும் அம்மா, மனைவி, மகள், அவர், எல்லோரும் ஒரே அறையில்.

மற்றப் பதின்மூன்று வீட்டுக்காரர்களும் அவரைப்போல் சேர்த்துக் கட்டியவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு அளவு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசபெல்லா டீச்சரின் மடியில், ஒரு நீல நோட்டில்.

குனோங் ராபாட்டிலிருந்து சனிக்கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் வந்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒருகாலத்தில் பால்வெட்டுக்குப் போனவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன ஆயாக்கொட்டகைதான் வகுப்பு. புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். எலுமிச்சம்பழங்களில் சின்ன விளக்கு எரியும். ஓட்டை போட்ட மைலோ டின்னுக்குள் வெளியில் நிற்கும் மரம் தலைகீழாகத் தெரியும். ஒரு மாதம் முழுக்க அளப்பது பாடமானது. பிள்ளைகள் டேப்போடு கிணற்றையும் கோயிலையும் அளந்து, பிறகு வீடு வீடாகப் போய் அளந்து, தேதி போட்டு எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

அவர்கள் தன் வீட்டுக்கு வந்தபோது வாசலில் தான் குறுக்கே நின்றது மட்டும் தர்மாவுக்கு மறக்கவில்லை.

"டேப்ப உள்ள கொண்டாராதீங்க டீச்சர். போன தடவ டேப்பு புடிச்சவன் பின்னாடியே நோட்டீஸ் வந்துச்சு. நீங்க யாரு அனுப்புன ஆளோ?"

"பிள்ளைங்க பாடம்தாண்ணே."

"என்னா பாடமோலா! என் வீட்டத் தொடக்கூடாது. பலகையில ஒரு விரல் படக்கூடாது, சொல்லிட்டேன்."

டீச்சருக்குப் பின்னால் தர்மாவின் மகள் தினேஸ்வரி தலைகுனிந்து நின்றாள். டீச்சர் எதிர் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரிங்கண்ணே, தொட மாட்டோம்" என்றார்.

அன்று சாயங்காலம்வரை பிள்ளைகள் எதிர் ரோட்டிலேயே குச்சியும் சுண்ணாம்புக் கட்டியுமாகக் கிடந்தார்கள். தர்மா ஜன்னல் வழியாகப் பார்த்தார். "பாடமாம் பாடம். பாண்டிக்கட்டம் போட்டு விளையாடுதுங்க" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

இப்போது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வர, தர்மா டீச்சர் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தார்.

"காலையிலேருந்து பதிமூணு வீடு முடிஞ்சிருச்சு" என்றார் அதிகாரி. "பிளான்ல உள்ள கிணறு, கோயில் அளவெல்லாம் இந்த நோட்டோட அப்படியே ஒத்துப்போச்சு. அதனால நோட்ட நம்பி ஏத்துக்கிட்டோம். உங்க வீடும் இதுல இருந்திருந்தா..."

"என் வாய்தான் சார். யாரச் சொல்லி என்ன?"

தர்மா எழுந்தார். நாற்காலி கிறீச்சிட்டது.

"உக்காருங்கண்ணே" என்றார் டீச்சர். தர்மாவின் மறுபுறம் இருந்த தினேஸ்வரியைப் பார்த்தார். அவள் அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகத் தலையாட்டினாள்.

அப்பா திட்டுவார் என்று அவள் அதுவரை காட்டவிடாமல் வைத்திருந்த நோட்டின் கடைசிப் பக்கத்தை டீச்சர் திருப்பி மேசையில் வைத்தார்.

அதிகாரி வாசித்தார். "வீடு பதினாலு. நீளம் முப்பத்தி ரெண்டு அடி. உயரம் பதினொரு அடி. அளந்தவர் தினேஸ்வரி, தகப்பன் பெயர் தர்மா." நிமிர்ந்தார். "எல்லாம் சரியா இருக்கு. வீட்டுக்காரர் கையெழுத்து மட்டும் இல்ல."

தர்மா மகள் பக்கம் திரும்பினார்.

"எப்படிம்மா? யாரு உள்ள விட்டது? அம்மாவா?"

"யாரும் உள்ள வரலப்பா." அவள் நோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "சாயங்காலம் வெயிலு வீட்டுக்குப் பின்னால போச்சா, நிழல் முழுசா ரோட்டுல விழுந்துச்சு. நீளத்த அதுலயே அளந்துட்டோம். உயரத்துக்குக் குச்சி நிழல வச்சுக் கணக்குப் போட்டோம். நீங்க வீட்டத்தானேப்பா தொடக்கூடாதுன்னு சொன்னீங்க?"

தர்மா கையை நீட்டி அதிகாரியிடம் பேனாவைக் கேட்டு வாங்கினார்.

பதினான்கு குடும்பங்களுக்கும் வீடு கிடைத்தது. தர்மாவின் புது வீட்டில் மூன்று அறைகள். டீச்சரின் சனிக்கிழமை வகுப்பு இப்போது அதன் முன்னறையில்தான் நடக்கிறது.