ஆறும் வரை

நாச்சிமுத்து தன் பட்டறையில் விற்பனைக்கு நிறுத்தியிருந்த இரும்பைச் செதுக்கும் பழைய சி.என்.சி. மில்லிங் மெஷினுக்குப் புதுப் பெயின்ட் அடித்துச் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார். வாங்க வந்த சுலோச்சனா பெயின்ட்டைப் பார்க்கவேயில்லை. இந்த ஒரு மெஷினை நம்பித்தான் அவள் பம்ப் கம்பெனி ஆர்டருக்குத் தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

"ஓட்டிக் காட்டட்டுங்களா?" என்று அவர் பட்டனுக்குக் கையை நீட்டினார். அதற்குள் அவள், கட்டரைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மேல், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"நான் வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்கீங்க."

"சும்மா அரை மணி நேரமுங்க. உங்களைக் காக்க வெக்க வேண்டாமேன்னு..."

ஸ்பிண்டிலுக்குள்ளிருக்கும் பேரிங் தேய்ந்திருந்தாலும், சூடேறிவிட்டால் வாயைத் திறக்காது. ஆறிக்கிடந்து எழும்போதுதான் முனகும். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

"ஆறட்டுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க."

நாச்சிமுத்துவுக்கு நெற்றி வேர்த்தது. ஓடிப்போய்ப் பெரிய ஃபேனைத் தள்ளிவந்து அவளைப் பார்த்து ஓடவிட்டார். அவள் சாதத்தைப் பிசைந்தபடியே சொன்னாள்:

"எனக்கு வேண்டாமுங்க. மெஷின் பக்கம் திருப்பி வையுங்க."