அல்சீட் கடைக் கொசுறு

"பாப்பாங்க எல்லாம் தீர்ந்துபோச்சு! அத்தனை பேரையும் என்னய்யா பண்ணே?"

ஒடீல் காலிப் பையை உதறிக் காட்டினாள். நியூ ஆர்லியன்ஸில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ரொட்டிக்கடை நடத்தினால் இந்த மாதிரி அலறல் தெருமுனை வரைக்கும் கேட்கும். யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள்.

பாப்பா என்றால் குழந்தை இயேசு. பிளாஸ்டிக்கில், கட்டைவிரல் நகம் அளவு. ஜனவரியில் தொடங்கி மார்டி கிரா திருவிழா வரைக்கும் எங்கள் ஊரே தின்று தீர்க்கும் கிங் கேக்குக்குள் அவரை ஒளித்து வைப்பார்கள். யார் துண்டில் பாப்பா வருகிறதோ, அடுத்த கேக் அவர் செலவு.

"மார்டி கிரா வரைக்கும் வரும்னுதானே வாங்கிப் போட்டேன்? இன்னும் பாதி சீசன்கூடத் தாண்டலை. வர்ற போற பிள்ளைங்களுக்கெல்லாம் விளையாடத் தூக்கிக் குடுத்துட்டியா?"

"மாதா சத்தியமா ஒரு பிள்ளைக்கும் குடுக்கலை" என்றான் அல்சீட். முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கேக்கின் அடியில் கடைசிப் பாப்பாவைச் செருகிக்கொண்டிருந்தான். எவனாவது முழுங்கித் தொலைத்து வழக்குப் போடுவானோ என்று பயந்து எதிர்க்கடைக்காரன் பாப்பாவைத் தனிப் பொட்டலமாகக் கொடுக்கிறான். அல்சீட் தன் கையாலேயே உள்ளே வைப்பான். பெண்டாட்டியைக்கூடக் கிட்டே விடமாட்டான்.

ஒடீல் நம்பவில்லை. எங்கள் ஊரில் கொசுறுக்கு லான்யாப் என்று பெயர். வாங்குகிறவன் எதிர்பார்க்காத நேரத்தில் கையில் திணிக்க வேண்டும், அதுதான் கடைக்காரனுக்கு மரியாதை. மற்ற கடைகளில் அந்த மரியாதை ஒரு பிஸ்கட்டோடு முடிந்துவிடும். அல்சீட்டோ ரொட்டி வாங்கினவனுக்கு மிட்டாய், மிட்டாய் வாங்கினவனுக்கு ரொட்டி என்று கொடுத்துக் கொடுத்தே போன வருஷம் கடையைக் கவிழ்த்திருந்தான்.

இந்த மார்டி கிராவுக்குள் கடை நிமிராவிட்டால் விற்றுவிட்டு ஹூஸ்டனில் தன் தம்பி வீட்டோடு போய்விடலாம் என்று ஒடீல் முடிவு சொல்லியிருந்தாள். அந்த மச்சான் எதிரே உட்கார்ந்தால் அல்சீட்டுக்குச் சோறு இறங்காது.

"இந்த வருஷம் கூட்டம் வருதுல்ல?" என்றான்.

"வந்து என்ன? இந்தப் பக்கம் வர்றதை அந்தப் பக்கம் அள்ளி விடுறே. இன்னையோட லான்யாப் கிடையாது. பிஸ்கட், மிட்டாய், ஒரு மண்ணும் கிடையாது. இல்லேன்னா நாளைக்கே மூட்டை கட்டுறேன்."

"சரி, எல்லாத்தையும் நிறுத்திடறேன். ஒண்ணை மட்டும் விட்டுடு, கண்ணு."

"எதை?"

"சொல்லிட்டுக் குடுத்தா அது லான்யாப்பா?"

கூட்டம் வந்தது உண்மைதான். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஆனால் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை, பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். பிஸ்கட்டை நிறுத்தியது அதற்குள் வெளியே தெரிந்துவிட்டதோ என்று ஒடீலுக்கே சந்தேகம் வந்தது.

வரிசையை இடித்துக்கொண்டு நார்சிஸ் உள்ளே வந்தார். கப்பல் சரக்கு ஆபீஸில் குமாஸ்தா, எச்சில் கையால் காக்கை விரட்டாத மனிதர். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவர் துண்டில் பாப்பா வந்ததில்லை என்பது அந்த ஆபீஸின் நெடுநாள் ஆச்சரியம்.

"யோவ் அல்சீட்! நீயெல்லாம் ஒரு கடைக்காரனா?"

"என்ன ஆச்சு, மிஸ்டர் நார்சிஸ்?"

"முதல் துண்டுலேயே பாப்பா வந்துச்சு. வழக்கம் போல கமுக்கமா முழுங்கிட்டேன்."

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"வழக்கம் போலவா?" என்றாள் ஒடீல்.

"நற்கருணையைக்கூட நீ இவ்வளவு அக்கறையா முழுங்கினதில்லையேப்பா" என்றார் வரிசையில் நின்ற பாதர்.

"அதை விடுங்க பாதர்! முழுங்கியாச்சு, தொல்லை விட்டுதுன்னு தைரியமா இன்னொரு துண்டு எடுத்துக் கடிக்கிறேன், அதுலயும் ஒண்ணு! பல்லே ஆடிப்போச்சு. கடக்குன்னு கேட்ட சத்தத்துல ஆபீஸே எழுந்து கைதட்டுது. ஒரு கேக்குக்குள்ள ரெண்டு பாப்பாவா? எந்த ஊர் நியாயம்யா இது?"

பாதர் தொண்டையைச் செருமினார். "எங்க கோயில்லயும் ரெண்டுதான். ஒண்ணு எனக்கு, ஒண்ணு இந்த ஆர்கன் வாசிக்கிற அம்மாவுக்கு. ஆளுக்கொரு கேக் வாங்கத்தான் நிக்கிறோம். நான் ஏதோ அற்புதம்னு நெனச்சேன்."

வரிசையில் பின்னாலிருந்தும் "எங்களுக்கும்", "எங்களுக்கும்" என்று குரல்கள் கிளம்பின.

அல்சீட் பதற்றமே இல்லாமல் ஒரு கேக்கைப் பெட்டியில் வைத்து, நூல் கட்டி, நார்சிஸ் முன்னால் தள்ளினான்.

"ஒண்ணு கேக்கோடது, மிஸ்டர் நார்சிஸ். இன்னொண்ணு லான்யாப்."

ஒடீல் காலிப் பையைப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே வளைந்து போன வரிசையைப் பார்த்தாள். பிறகு புருஷன் காதோரம் குனிந்தாள்.

"நாளையிலேர்ந்து மூணா வை."