இரண்டாவது கோடு

"புள்ளையத் தொடாதடி! அங்கயே நில்லு!"

மாமியார் ராமாயி போட்ட சத்தத்தில், கையை நீட்டியபடி வந்த கவிதா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் முதுகில் ஒரு தேமல், ஊசியால் குத்தினாலும் உறைக்காத தேமல். அது தொழுநோய் என்று மருத்துவ முகாமில் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு மாட்டுக் கொட்டகைதான் வீடு.

ராமாயியின் இடுப்பிலிருந்த குழந்தை அம்மாவைப் பார்த்ததும் வீறிட்டது. கவிதாவுக்குப் பால் கட்டி மார்பு வலித்தது. பெற்றவளுக்கு இதைவிடக் கொடுமை வேறு என்ன வேண்டும்?

"பசிக்குதா சாமி? இருடா, இருடா." ராமாயி ஒரு துணிகூடப் பிடிக்காமல், அடுப்பில் கொதித்த சாமைக் கஞ்சிக் குண்டானை வெறுங்கையால் இறக்கினாள். பேரன் அழுதால் அவளுக்கு அடுப்பாவது, நெருப்பாவது! ஊட்டுவதும் உறங்க வைப்பதும் அவள் மடியில்தான்.

மலைமேல் இருந்த வாழவந்தி நாட்டு ஊர்களுக்குப் புதிதாக வந்திருந்த ரத்தப் பரிசோதனை அட்டைகளோடு சுகாதார ஊழியர் பைசல் வந்து உட்கார்ந்தார்.

"விரல்ல ஒரு சொட்டு போதுங்க. எத்தன மாசம் மருந்துன்னு முடிவு பண்ண ஒதவும். ஒரு கோடு மட்டும் வந்தா கிருமி கம்மி. ரெண்டு வந்தா நெறைய இருக்கலாம். அப்படிப்பட்டவங்க கிட்ட இருந்துதான் மத்தவங்களுக்குப் பரவும்."

"ஒத்தக் கோடு வந்தாப் புள்ளையக் குடுத்தர்றேன். ரெண்டு வந்தா இவ மலைய உட்டே எறங்கிரோணும்," என்றாள் ராமாயி.

"சார், எப்படியாச்சும் ஒத்தக் கோடு வரோணுங்க. எம்புள்ள இல்லீன்னா நான் செத்துருவனுங்க," என்று கவிதா கதறினாள்.

"ஊட்டுல இருக்கறவங்க எல்லாருக்கும் பாக்கோணுங்கம்மா. நீங்களும் கையக் குடுங்க," என்றார் பைசல்.

"எனக்கென்ன கேடு? எம்மேல ஒரு தேமல் உண்டா?" முணுமுணுத்துக்கொண்டே ராமாயி விரலை நீட்டினாள்.

கவிதா கண்களை இறுக மூடி எட்டுக்கை அம்மனைக் கூப்பிட்டாள்.

பைசல் அவள் அட்டையைத் தூக்கிக் காட்டினார். "ஒத்தக் கோடுதானுங்க! ஆறு மாசம் மாத்திரை, சரியாப் போயிரும். உங்களால யாருக்கும் ஒட்டாது."

கவிதா தரையில் விழுந்து அழுதாள்.

பைசல் அடுத்த அட்டையை வெகுநேரம் பார்த்தார். பிறகு ராமாயியின் தடித்த காது மடலைத் தொட்டுப் பார்த்தார். அவள் உள்ளங்கையைத் திருப்பினார். கொப்புளம்.

"இது எப்பச் சுட்டுதுங்கம்மா?"

ராமாயி அப்போதுதான் குனிந்து தன் கையைப் பார்த்தாள். அட்டையையும் பார்த்தாள். இரண்டு கோடு.

"பயப்படாதீங்க. தேமல் இல்லாமயும் இது வருமுங்க. உங்களுக்கும் மருந்து இருக்கு. ஒரு வருசம் சாப்பிட்டா..."

அது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கொட்டகையைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். தன் தோளில் முகம் புதைத்திருந்த பேரனைச் சட்டென்று விலக்கிப் பிடித்தாள்.

"கவிதா... கண்ணு... எங்கிட்டருந்து புள்ளைய வாங்கிக்க, சீக்கிரம்!"