பூஜைக்கு நிறுத்திய சர்வர்

அன்று ஆயுத பூஜை. சந்தனம் வைக்க இடம் தேடினாள்.

சர்வரின் முகமெல்லாம் காற்றுத் துளைகள். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தகடு இருந்தது. அங்கே வைத்தாள். அதன்மேல் குங்குமம்.

அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு சர்வர்கள். ஒன்று வேலை பார்க்கும். மற்றது சும்மா விழித்திருக்கும். முதலாவது நின்றால் இரண்டாவது உடனே பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அப்படி அமைத்தது கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அவள்தான்.

டாக்டரோ, நர்ஸோ, ரத்த வங்கி ஊழியரோ, யார் கடவுச்சொல் போட்டாலும் இவர் நம் ஆள்தானா என்று பார்த்துச் சொல்வது இந்த சர்வர். அது சரி என்றால்தான் கணினி திறக்கும். ரத்த வங்கியின் குளிர்ப்பெட்டியும் அப்படித்தான்.

மேலாளர் திருவேங்கடம் கற்பூரத் தட்டோடு வாசலில் நின்றார்.

"ஓடிட்டிருக்கிற மெஷினுக்கு எப்படிம்மா பூஜை போடுறது? இன்னிக்கு அதுகளுக்கும் லீவுதான். ஒண்ண நிறுத்துங்க. அதான் இன்னொண்ணு இருக்குதுல்ல?"

இருக்கிறது. ஆனால் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. சோதிக்க வேண்டுமானால் முதலாவதை நிறுத்த வேண்டும். எத்தனையோ முறை கேட்டாள். நோயாளிகள் இருக்கிற இடத்தில் விளையாட வேண்டாம் என்றார்கள்.

ஆஸ்பத்திரி கொடுக்காத அனுமதியை சரஸ்வதி தேவியே கொடுத்துவிட்டாள். உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தது.

நிறுத்தினாள்.

இரண்டாவதில் பச்சை விளக்குகள் எரிந்தன. திரையில் எல்லாம் சரி என்று வந்தது.

திருவேங்கடம் வாசலிலேயே நின்று கற்பூரம் ஏற்றினார்.

ஃபோன் அடித்தது. பிரசவ வார்டு ஜெசிந்தா சிஸ்டர்.

"மேடம், யாரு பாஸ்வேர்டு போட்டாலும் தப்புங்குது. ரத்த வங்கியில பெட்டி திறக்கலையாம். ஏழாம் பெட்ல இப்பதான் குழந்தை பொறந்துச்சு. அம்மாவுக்கு ரத்தம் போய்க்கிட்டே இருக்கு மேடம். நிக்கவே மாட்டேங்குது."

சட்டென்று நினைவுக்கு வந்தது.

கடவுச்சொற்களைச் சரிபார்க்க சர்வருக்கு ஒரு ரகசியக் கோப்பு வேண்டும். இரண்டிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். போன மாதம் அதைப் புதுப்பித்தாள். முதலாவதில் போட்டாயிற்று. இரண்டாவதில் போடப் போன நேரம் பார்த்து சேர்மன் அறையில் பிரிண்டர் மக்கர் செய்தது. கூப்பிட்டார்கள். போனாள். அதோடு மறந்துவிட்டாள்.

இரண்டாவது சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு ஒருவரையும் தெரியவில்லை.

முதலாவதின் பொத்தானை அழுத்தினாள்.

"கற்பூரம் இன்னும் அணையலையேம்மா!"

"ஒரு பொண்ணு சாகக் கிடக்குது சார். ரத்த வங்கிப் பெட்டிக்குக் கைச்சாவி இருக்கும்ல, எங்க அது?"

திருவேங்கடத்தின் முகம் செத்துப்போயிற்று.

கைச்சாவிகள் எல்லாம் காலையிலேயே பூஜைக்குப் போயிருந்தன. கத்தரிக்கோல், ஸ்டெதாஸ்கோப், ஸ்பேனர், எல்லாவற்றோடும் ஒரே குவியலாக எதிர்க் கூடத்தில் கிடந்தன, பூவுக்கு அடியில். ஒவ்வொரு சாவியிலும், எண் இருக்கும் இடத்தில், சந்தனப் பொட்டு. அவரே உட்கார்ந்து ஒன்று விடாமல் வைத்தது.

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். அவர் மண்டியிட்டு வேட்டி முனையால் சாவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பார். கண்ணருகே கொண்டுபோவார். வீசுவார். அடுத்தது. சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது.

முதலாவது சர்வர் மெல்ல எழுந்தது. தன் நினைவகத்தைச் சோதித்தது. வட்டுகளைச் சோதித்தது. மின்விசிறிகளைக்கூட விடவில்லை.

"வந்து தொலையேன், சனியனே!"

சற்றுமுன் கும்பிட்டதைத்தான் திட்டினாள்.

ஃபோன் மறுபடி அடித்தது. எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் யாரோ ஓடும் சத்தம் மட்டும்.

திரை வந்தது.

பெயர்கள் மேலிருந்து கீழாக ஓடத் தொடங்கின. யார் உள்ளே வந்தார், எதைத் திறந்தார் என்று ஒவ்வொரு வரியாக.

மருந்தகம். அனுமதி.

எக்ஸ்ரே. அனுமதி.

ரத்த வங்கி. அனுமதி. குளிர்ப்பெட்டி திறந்தது. ஓ பாசிட்டிவ், இரண்டு பை. ஏழாம் பெட், பவளக்கொடி.

பவளக்கொடி. அப்போதுதான் அவளுக்குப் பெயர் தெரிந்தது.

கூடத்தில் திருவேங்கடம் ஒரு சாவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். இனி அது தேவையில்லை என்று கத்தினாள். அவர் காதில் விழவில்லை.

சுவரில் சாய்ந்து அழுதாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழுதாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது சர்வரின் முன் உட்கார்ந்தாள். போன மாதமே போட்டிருக்க வேண்டிய கோப்பைப் போட்டாள். ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

ரத்த வங்கி. அனுமதி. குளிர்ப்பெட்டி திறந்தது.

ஏழாம் பெட். இரண்டு பை. பிரிக்கப்படவில்லை. திரும்ப வைக்கப்பட்டன. காரணம்: நோயாளி மரணம்.