இரவல் கோல்கீப்பர்

"கோல்கீப்பர் வரலையா? அப்ப நீங்க மட்டும் எதுக்குய்யா வந்தீங்க?"

காரெட் போட்ட சத்தத்தில் மைதானத்தின் மறுகோடியில் நின்ற நடுவர் திரும்பிப் பார்த்தார்.

ஒஹாயோவில் ஞாயிற்றுக்கிழமை காலை. வலை கட்டிய நீள மட்டையால் பந்தை எறிந்து கோல் போடும் லக்ராஸ் ஆட்டத்தில், கல்லூரி கிளப் அணிகளுக்கான போட்டியின் கடைசி நாள். முதல் நாளே தோற்றவர்களுக்கு என்று ஓர் ஆறுதல் ஆட்டம் வைப்பார்கள். காரெட் கேப்டனாக இருக்கும் ஹாலோவே அணிக்கும், டெஸ்மண்ட் கேப்டனாக இருக்கும் பிரையர் ஹில் அணிக்கும் இன்று ஏழாம் இடத்துக்கு மோதல்.

"ஹாங்க்குக்கு வயிறு சரியில்லப்பா, வேன்லயே படுத்திருக்கான்" என்றான் டெஸ்மண்ட். "நேத்து சாப்பிட்டது ஒத்துக்கல."

"ஒத்துக்காது! இறுதி ஆட்டம்னா தவழ்ந்தாவது வந்திருப்பான். ஏழாவது இடம்னதும் வயித்து வலி வந்துடுச்சு. ஆறுதல் ஆட்டம்னா எல்லாருக்கும் இளக்காரம். பாதிப் பேர் நேத்தே வண்டியக் கிளப்பிட்டாங்க. மீதிப் பேர் அரைகுறையா வந்து நிக்கிறீங்க. இந்தக் குளிர்ல நாங்க மட்டும் பைத்தியக்காரங்களா?"

அவன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆட வந்தவன் ஒழுங்காக ஆட வேண்டாமா?

"வேணும்னா விட்டுக்குடுத்துடறோம். ஜெயிச்சதா வெச்சுக்கோங்க."

"ஆடாம ஜெயிச்சா தரவரிசையில ஏறாது. ஆடித்தான் ஆகணும்."

"அப்ப ஒண்ணு பண்ணு. உங்ககிட்ட ரெண்டு கோல்கீப்பர் இருக்காங்க. ஒருத்தர இரவல் குடு."

கிளப் ஆட்டங்களில் இது வழக்கம்தான். கல் மாதிரி ரப்பர் பந்து வந்து நெஞ்சில் அறையும் இடத்தில் நிற்க எவன் ஆசைப்படுவான்? அதனால் ஆள் இல்லாத அணிக்கு எதிரணியே ஒருவனைக் கொடுத்து ஆட்டத்தை நடத்திவிடும்.

காரெட் திரும்பிப் பார்த்தான். பெஞ்சின் ஓரத்தில் வெஸ்லி உட்கார்ந்திருந்தான். மாற்று கோல்கீப்பர். நான்காம் ஆண்டு. படிப்பு முடிகிறது.

காலையில்தான் வந்து கெஞ்சியிருந்தான். "எனக்கு இதுதான் கடைசி, காரெட். பாதி ஆட்டமாவது நான் நிக்கட்டுமா?"

"இது என்ன பிக்னிக்காடா? ஆறுதல் ஆட்டமும் ஆட்டம்தான். டானவன்தான் நிப்பான்."

கிளப் அணிக்குப் பயிற்சியாளர் கிடையாது. கேப்டன் சொன்னால் சொன்னதுதான்.

"வெஸ்லியக் கூட்டிட்டுப் போ" என்றான் இப்போது. பிறகு டானவன் பக்கம் சாய்ந்து, "ஆளுக்கு ரெண்டு கோல் போடலாம்டா" என்று சிரித்தான்.

"நானா? நிஜமாவா?" என்று கேட்டுக்கொண்டே வெஸ்லி எதிரணியின் நீலச் சட்டையைத் தலை வழியே இழுத்து மாட்டினான்.

முதல் பந்தைக் காரெட்டே எறிந்தான். கோல்.

"ரொம்ப தேங்க்ஸ்டா வெஸ்லி!"

அடுத்ததும் உள்ளே போனது. அதற்கப்புறம் என்ன ஆயிற்றோ, ஒன்றும் போகவில்லை. இத்தனை வருடப் பயிற்சியில் இவர்கள் எறிந்த பந்துகளைத்தானே அவன் உடம்பில் வாங்கியிருக்கிறான்? யார் தோளைச் சாய்த்தால் பந்து எங்கே வரும் என்று அவனுக்குத் தெரியாதா? மட்டையின் வலையில் ஒன்றைப் பிடித்தான். தொடையில் ஒன்றை வாங்கினான். தரையில் விழுந்து ஒன்றைத் தட்டினான்.

"டேய், எந்த வண்டியில வந்தேன்னு ஞாபகம் இருக்கா?" காரெட் கத்தினான்.

"சத்தம் போடாத காரெட். பந்தப் பாக்கணும்."

"துரோகி! போறப்ப நடந்தே போ!"

ஹாலோவே ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. பிரையர் ஹில் பையன்கள் ஓடிவந்து வெஸ்லியின் ஹெல்மெட்டைத் தட்டித் தட்டியே அவனைக் கீழே சாய்த்துவிட்டார்கள்.

காரெட்டுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரையாவது கேட்டே ஆக வேண்டும். மட்டையும் கையுமாக எதிரணியின் வேனுக்கு நடந்தான். டெஸ்மண்ட் பின்னாலேயே ஓடிவந்தான். "காரெட், அங்க போகாத. ஹாங்க் தூங்கறான்."

"தூங்கட்டும். எழுப்பி ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்."

கதவை இழுத்துத் திறந்தான்.

உள்ளே ஹாங்க் உட்கார்ந்திருந்தான். மார்புக் கவசம், கழுத்துக் கவசம், கையுறை எல்லாம் மாட்டிய கோலத்தில். ஜன்னல் வழியாக ஆட்டம் முழுவதையும் பார்த்திருக்க வேண்டும். வாயில் பாதி பர்கர்.

"வயித்து வலியா இது?" காரெட் கத்தினான். "ஏமாத்துக்காரங்களா! ஆட்டத்தையே கேவலப்படுத்திட்டீங்க. இருங்க, நடுவர்கிட்ட சொல்றேன்!"

"சொல்லு" என்றான் ஹாங்க். பர்கரைக் கீழே வைத்தான். "எனக்கும் இதுதான் கடைசி ஆட்டம். நேத்து சாயங்காலம் உங்க வெஸ்லி என் பக்கத்துலதான் உக்காந்து சாப்பிட்டான். நாலு வருஷமா உங்க வண்டியில வர்றானாம். ஒரு ஆட்டத்துல கூட வலைக்கு முன்னாடி நின்னதில்லையாம்."

காரெட் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க அவன நிறுத்த மாட்டீங்கன்னு தெரிஞ்சுது. அதான் நாங்க நிறுத்தினோம்."